‘லேட்’ எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருநெல்வேலியில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டிடிபி கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. லீவ் லெட்டர், பயோடேட்டா, அஃபிடவிட், கல்யாணப் பத்திரிகை, இப்போது கம்பெனி மெயில் வரைக்கும் என் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. இத்தனை வருஷத்தில் அதிகம் திருத்திய ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், வாயில் நுழையாத பெரிய சொல் எதுவும் கிடையாது. பெரிய சொல் எழுதுகிறவர் பயந்துபோய் அகராதியை ஒருமுறையாவது புரட்டிவிடுகிறார். ‘லேட்’ எழுதுகிறவர் புரட்டுவதில்லை. அதுதான் நமக்குத் தெரியுமே!

தெரிந்ததுதான் வினை. நாம் பேசும் லேட் எப்போதோ தமிழாகிவிட்டது. லேட் ஆச்சு, லேட் பண்ணாதே, லேட்டா வந்தான், லேட்டுக்கு என்ன காரணம் என்று அதை வினையாக்குகிறோம், பெயராக்குகிறோம், வேற்றுமை உருபுகூட ஒட்டுகிறோம். ஆங்கில லேட் அப்படி வளைந்து கொடுக்காது. அது பெயரடை. அதே உருவத்தில் வினையடையாகவும் வரும். அதோடு சரி. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, தமிழ் லேட்டைத் தூக்கி ஆங்கில வாக்கியத்தில் வைத்ததால் வந்தவை.

அறிகுறிகளைப் பார்க்கும் முன்னால் வாக்கியத்தில் இரண்டு இடத்தைத் தொட்டுப் பாருங்கள். லேட் ஒரு பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதா, ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால் நிற்கிறதா? அது ஒட்டியிருப்பது ஆள் மீதா, பொருள் மீதா, காலத்தின் மீதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கோளாறு பாதி பிடிபட்டுவிடும்.

அறிகுறி: உயிரோடு இருப்பவர் வாக்கியத்தில் இறந்துவிட்டார்

இதில் ஆரம்பிக்கக் காரணம், மற்றதெல்லாம் இலக்கணப் பிழை, இது மனிதரைப் புண்படுத்தும் பிழை. அதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

கடை தொடங்கிய புதிது. ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா இருக்கிறார். தமிழ்ப் பக்கம் சரியாக வந்துவிட்டது. ஆங்கிலப் பக்கத்தில் ‘சன் ஆஃப் லேட் மிஸ்டர் அண்ட் மிஸஸ்’ என்று போட்டு, அப்பா பெயரை அடித்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்த அண்ணன்காரர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னார். நானூறு கார்டு, மஞ்சள் அட்டையில் குங்குமச் சிவப்பு மை. மூன்றாம் நாள் அந்த அம்மாவே பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கையில் கார்டு, முனையில் மஞ்சள் தடவியிருந்தது. பேத்தி காலேஜில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை. வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“யய்யா, அவுகளோட சேத்து என்னையும் அனுப்பி வச்சிட்டியளே!” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கோளாறு இதுதான்: ஒரு பெயர்க் கூட்டத்துக்கு முன்னால் லேட் வந்தால் அது மொத்தக் கூட்டத்தின் மீதும் படியும். ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ்’ இரண்டையும் ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போய்விடும்.

சரிசெய்வது: இருப்பவரை முன்னால் போடுங்கள், இல்லாதவரைப் பின்னால் தள்ளுங்கள். ‘சன் ஆஃப் மிஸஸ் இன்னார் அண்ட் த லேட் மிஸ்டர் இன்னார்.’ இப்போது லேட் ஒருவர் மீது மட்டும் நிற்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கும் இதே வைத்தியம்தான். ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கி இரண்டு பெயரை அடுத்தடுத்துப் போட்டால் தமிழிலும் இருவரும் போய்விடுவார்கள். இருவருமே இல்லாத இடத்தில் யாழ்ப்பாண மரண அறிவித்தல்களில் ‘காலஞ்சென்றவர்களான’ என்று பன்மையில் தெளிவாகவே போடுவார்கள். அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும்.

இதே அறிகுறி வேறு வேஷத்திலும் வரும். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற பையன், முன்பு வேலை பார்த்த இடத்து மேலாளரை ‘மை லேட் மேனேஜர்’ என்கிறான். கீழே ரெஃபரன்ஸ் பகுதியில் அதே மேலாளரின் போன் நம்பர்! பழைய, முந்தைய என்ற பொருளில் எழுத நினைத்தால் ‘ஃபார்மர்’ அல்லது ‘ப்ரீவியஸ்’ போடுங்கள். லேட்டுக்கும் ஒரு காலத்தில் ‘முன்னாள்’ என்ற பொருள் புழக்கத்தில் இருந்தது உண்மை. 1887-இல் முதன்முதலாக ஷெர்லக் ஹோம்ஸ் கதையைச் சொல்ல வந்த டாக்டர் வாட்சன், ‘லேட் ஆஃப் தி ஆர்மி மெடிக்கல் டிபார்ட்மென்ட்’ என்றுதான் அறிமுகமாகிறார். ராணுவ மருத்துவத் துறையில் முன்பு இருந்தவர் என்று அர்த்தம். ஆள் திடமாக இருந்துகொண்டுதான் கதை சொல்கிறார். அந்தப் பழைய பொருள் இன்று உயில், வாரிசுரிமை அறிவிப்பு மாதிரித் தாள்களில் ‘லேட் ஆஃப்’ என்று முகவரிக்கு முன்னால் எட்டிப் பார்ப்பதோடு சரி. பயோடேட்டாவில் அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு வகை, இறந்தவரைப் பற்றி எழுதும்போதே வருவது. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்று எழுதினால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை, வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘இஸ்’ஸுக்குப் பின்னால் நிற்கும் லேட்டுக்கு, பொது ஆங்கிலத்தில் இறப்புப் பொருள் இல்லை. பெயருக்கு முன்னால் வந்தால்தான் உண்டு: ‘மை லேட் ஃபாதர்.’ தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்து ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் லேட்’ என்றால் காலமாகிவிட்டார் என்றே பொருள். அங்கிருந்து மெயில் வந்தால் மட்டும் அவசரப்பட்டு ‘நோ ப்ராப்ளம், வி வில் வெயிட்’ என்று பதில் போட்டுவிடாதீர்கள்.

‘த’ போடுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். ‘மை’, ‘ஹிஸ்’, ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில ‘அவர்’ போன்ற சொல் முன்னால் இருந்தால் வேண்டாம். நேராகப் பெயர் வந்தால் ‘த லேட்’ என்பதுதான் முறை. நம் ஊர் அஃபிடவிட்டில் ‘சன் ஆஃப் லேட்’ என்று ‘த’ இல்லாமல்தான் காலங்காலமாக அடிக்கிறோம். அதை நான் திருத்துவதில்லை. வக்கீல் குமாஸ்தாவின் வார்ப்புருவில் கைவைத்துவிட்டு அதே சந்தில் கடை நடத்த முடியாது. வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் கடிதத்தில் மட்டும் ‘த’வைச் சேர்த்துவிடுகிறேன்.

எவ்வளவு காலம் முன்பு இறந்தவர் வரைக்கும் போடலாம்? இதற்குச் சட்டம் இல்லை. இறந்தவரை நேரில் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மறைவு இன்னும் ஒரு செய்தியாகவே மனதில் இருக்கிறது என்றால் போடலாம். ‘த லேட் ராஜராஜ சோழன்’ என்று ஒரு பள்ளி ஆண்டு மலருக்கு வந்த கட்டுரையில் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவருக்கு இரங்கல் தெரிவிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நுட்பமான ஒன்று. அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று மறைந்தார். ‘த லேட் டாக்டர் கலாம் பிகேம் பிரசிடென்ட் இன் 2002’ என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, காட்சி இடிக்கும். பதவி ஏற்றபோது அவர் லேட் இல்லையே. உயிரோடு இருந்தபோது செய்த செயலைச் சொல்லும் வாக்கியத்தில் இந்தச் சொல்லைத் தூக்கிவிடுங்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இதைத் தனியாகவே எச்சரிக்கிறது. ‘த லேட் டாக்டர் கலாம்ஸ் ஹவுஸ் இன் ராமேஸ்வரம்’ என்பது சரி, ஏனென்றால் இன்றிலிருந்து பார்த்துச் சொல்கிறோம்.

அறிகுறி: தாமதமாக வந்ததை எழுதினீர்கள், ‘சமீபகாலமாக’ என்று வாசிக்கப்படுகிறது

‘ஐ கேம் லேட்லி.’ ‘ஷி ஸப்மிட்டட் தி அசைன்மென்ட் லேட்லி.’

பள்ளியில் சொல்லிக்கொடுத்த சூத்திரம் மூளையில் பதிந்துவிட்டது: பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை. ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி. லேட் அந்த வரிசையில் சேராத பிள்ளை. வினையடையாகவும் அது லேட்தான்: ‘ஐ கேம் லேட்.’ ‘லேட்லி’ என்பது வேறு சொல்லாகவே பிரிந்து, கொஞ்ச நாளாக என்ற பொருளுக்குப் போய்விட்டது. ஹார்ட், ஹார்ட்லி கதையும் இதேதான். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று சான்றிதழில் எழுதி ஒரு நல்ல பையனின் பிழைப்பைக் கெடுத்த வாத்தியார்கள் உண்டு.

‘லேட்லி’ சரியாக உட்காரும் இடம் இது: ‘ஐ ஹேவ் நாட் பீன் ஸ்லீப்பிங் வெல் லேட்லி.’ கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. பெரும்பாலும் ‘ஹேவ்’ கூட்டிக்கொண்டு வரும். நேற்று நடந்த ஒரே ஒரு சம்பவத்துக்கு அது ஒட்டாது. அதே பொருளை அலுவலகக் கடிதத்தில் கொஞ்சம் விறைப்பாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஆஃப் லேட்’.

அறிகுறி: லேட் பண்ணுகிறோம், லேட்டுக்கு மன்னிப்புக் கேட்கிறோம்

‘சாரி ஃபார் லேட்.’ ‘டோண்ட் மேக் லேட்.’ ‘டியூ டு லேட், பேமென்ட் வாஸ் நாட் டன்.’

முன்னுரையில் சொன்ன கோளாறு இதில் அப்பட்டமாகத் தெரியும். ‘ஃபார்’, ‘டியூ டு’ இவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வேண்டும். லேட் பெயர்ச்சொல் ஆகாது. தமிழில் ‘லேட்டுக்கு சாரி’ என்று சொல்ல முடிவதால் அங்கேயும் முடியும் என்று கை போய்விடுகிறது.

ஆள் தாமதம் என்றால் ‘சாரி ஐ ஆம் லேட்’. இதைவிட எளிய வாக்கியம் இல்லை. பதில் தாமதம் என்றால் ‘சாரி ஃபார் த லேட் ரிப்ளை’. இங்கே ரிப்ளை என்ற பெயர் வந்துவிட்டது, லேட் அதன் முன்னால் ஒழுங்காகப் பெயரடையாக உட்கார்ந்துகொண்டது. வேலை தாமதம் என்றால் அதற்கென்றே ‘டிலே’ இருக்கிறது: ‘சாரி ஃபார் த டிலே.’ ‘டியூ டு அ டிலே அட் த பேங்க்.’

‘லேட் பண்ணாதே’ என்பதை மொழிபெயர்க்கும் முன் யாரிடம் எதற்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். சினிமாவுக்குக் கூப்பிட்ட நண்பனிடம் என்றால் ‘டோண்ட் பி லேட்’. ஃபைலை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் என்றால் ‘ப்ளீஸ் டோண்ட் டிலே இட்’. குளியலறைக்குள் போனவரிடம் என்றால் ‘டோண்ட் டேக் டூ லாங்’. தமிழில் ஒரே பூட்டு, அங்கே மூன்று சாவி.

ஒரு விலக்கு: ‘த ட்ராஃபிக் மேட் மி லேட்’ சரியான ஆங்கிலம். இங்கே மேக் என்பது ‘என்னைத் தாமதக்காரன் ஆக்கிவிட்டது’ என்ற வேலையைச் செய்கிறது. நடுவில் ‘மி’ இருப்பதைக் கவனியுங்கள். நடுவில் ஆளோ பொருளோ இருந்தால்தான் லேட் போய் ஒட்ட முடியும்.

அறிகுறி: ‘நேரமாச்சு’ என்றீர்கள், அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார்

தமிழ் ‘நேரமாச்சு’ ஒரு அற்புதமான சொல். பஸ்ஸுக்கு நேரமாச்சு, பொழுது சாய்ந்து நேரமாச்சு, விருந்தாளி நாசூக்காக விடைபெறவும் நேரமாச்சு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிக்கவேண்டும்.

பொழுது பற்றிச் சொல்வது ‘இட் இஸ் கெட்டிங் லேட்’. ‘இட்’ என்பது நேரம். இருட்டப்போகிறது, படுக்கும் நேரம் நெருங்குகிறது, கிளம்பலாமா என்ற தொனி. காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் பறக்கும்போது இதைச் சொன்னால் கேட்பவர் குழம்புவார்.

ஆள் பற்றிச் சொல்வது ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ அல்லது ‘ஐ ஆம் கோயிங் டு பி லேட்’. நாம் பரவலாகச் சொல்லும் ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’, ‘ஐ காட் லேட்’ இரண்டும் இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் உறுத்தாது. லண்டன்காரர் ஒரு நொடி நின்று புரிந்துகொள்வார். உள்ளூர் மெயிலில் நான் இதைப் பிழை என்று சிவப்புக் கோடு போடுவதில்லை. கோடிக்கணக்கான பேர் புழங்குவதைப் பிழை என்று சொல்ல நான் யார்? வெளியே போகும் தாளில் மட்டும் ‘ரன்னிங் லேட்’ ஆக்கிவிடுகிறேன்.

ரயிலும் ரன்னிங் லேட்தான். நம் நிலைய அறிவிப்பில் ‘ரன்னிங் லேட் பை ஃபார்ட்டி மினிட்ஸ்’ என்று ‘பை’ போட்டுக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இங்கிலாந்தில் எண்ணை முன்னால் தூக்கி ‘ஃபார்ட்டி மினிட்ஸ் லேட்’ என்பார்கள். இரண்டுமே புரியும். எதைச் சொன்னாலும் ரயில் அதே நேரத்துக்குத்தான் வரப்போகிறது.

அறிகுறி: கொஞ்சம் தாமதம் என்று எழுதினீர்கள், காரியமே கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள்

‘ஐ ஆம் டூ லேட் டுடே, சாரி சார்.’

நம் ‘ரொம்ப’ இரண்டு ஆங்கிலச் சொல்லின் வேலையைச் செய்கிறது: வெரி, டூ. ரொம்ப அழகு என்பதும் ரொம்ப. ரொம்ப உப்பு, வாயில் வைக்க முடியலை என்பதும் ரொம்ப. அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ‘வெரி லேட்’ என்றால் தாமதம் அதிகம், ஆனாலும் வந்துவிட்டேன், வேலை நடக்கும். ‘டூ லேட்’ என்றால் வந்தும் பயனில்லை, கதவு சாத்தியாகிவிட்டது.

இதன் வேகம் தெரிய ஒரு இடம் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஒரு பெரியவர் என் கடையில் உட்கார்ந்து மெயில் சொல்லச் சொல்ல, வேலைக்கு இருந்த பெண் அடித்தாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ரொம்ப லேட்டாகிவிட்டது, இப்போது பரவாயில்லை என்று செய்தி. ‘வி ரீச்ட் ஹாஸ்பிடல் டூ லேட்’ என்று ஒரு வரி. அடுத்த வரி ‘நவ் ஷி இஸ் ஓகே’. நல்லவேளை, அனுப்பும் முன்னால் நான் எட்டிப் பார்த்தேன். முதல் வரியைப் படித்ததும் அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன ஆகியிருக்கும்! ‘வெரி லேட் அட் நைட்’ என்று மாற்றினேன். ராத்திரி வெகுநேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் விஷயமே.

அறிகுறி: தாமதமே இல்லாத இடத்தில் தாமதம் தெரிகிறது

லேட் காலத்தின் மீது ஒட்டினால் ‘பிற்பகுதி’ என்று மட்டும் பொருள். குற்றம் சொல்லும் தொனி போய்விடும். ‘லேட் அக்டோபர்’ என்றால் அக்டோபர் கடைசி வாரம், பத்து நாள். அக்டோபர் தாமதமாக வரவில்லை. ‘லேட் 1990ஸ்’ என்றால் 1997, 98, 99 வாக்கில்.

வயதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ‘இன் ஹர் லேட் தர்ட்டீஸ்’ என்றால் அவருக்கு முப்பத்தேழிலிருந்து முப்பத்தொன்பது. ‘ஹர்’ இடத்தில் ‘த’ போட்டால், ‘இன் த லேட் தர்ட்டீஸ்’, நேரே 1930-களின் கடைசிக்குப் போய் இறங்கிவிடுவீர்கள். கல்யாணத் தரகர் ஒருவருக்கு இதைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் கோயில் கட்டுமானம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி அடிக்கக் கொண்டுவந்தார். ‘லேட் சோழா டெம்பிள்’ என்று மூலத்தில் இருந்ததை ‘காலஞ்சென்ற சோழரின் கோயில்’ என்று எழுதியிருந்தார். பேச்சு தாராசுரத்தைப் பற்றியது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சோழர் கலையின் பிற்காலம், அதனால் லேட் சோழா. வேடிக்கை என்னவென்றால், 2004-இல் அதே கோயிலை யுனெஸ்கோ தன் பட்டியலில் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்த்துக்கொண்டபோது அந்தப் பட்டியலின் பெயர் ‘கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ்’. ஒரே கோயில் லேட்டாகவும் இருக்கிறது, லிவிங்காகவும் இருக்கிறது. முதலாவது கட்டிய காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது இன்றும் பூசை நடப்பதைச் சொல்கிறது.

மருத்துவத் தாளில் ‘லேட் பிரெக்னன்ஸி’ என்று பார்த்து, வயது கூடிப்போனதைக் குத்திக் காட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டவரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அது கர்ப்பத்தின் கடைசி மாதங்களைக் குறிக்கிறது. அதேபோல் ‘லேட் ஸ்டேஜ்’ என்பது நோய் முற்றிய கட்டம், ‘லேட் டயக்னோசிஸ்’ என்பது கண்டுபிடிப்பதில் தாமதம். இரண்டையும் ஒன்றாக்கி மொழிபெயர்த்தால் பழி மாறி விழும்.

‘ஆஸ் லேட் ஆஸ்’ இன்னும் வழுக்கும். ‘ஆஸ் லேட் ஆஸ் 1968, த ஸ்டேட் வாஸ் ஸ்டில் கால்டு மெட்ராஸ்.’ 1968 வரைக்கும்கூட மாநிலத்தின் பெயர் மெட்ராஸ்தான் என்பது பொருள் (தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14). இதில் யாரும் எதற்கும் தாமதமாக வரவில்லை. இவ்வளவு அண்மைக்காலம் வரைக்குமா என்ற வியப்புதான் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘வரைகூட’ என்று ஒட்டினால் போதும்.

அறிகுறி: லேட்டர், லாட்டர், லேட்டஸ்ட், லாஸ்ட் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது

குழம்புவதில் ஆச்சரியம் இல்லை, நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் லேட்டின் மூலச் சொல்லுக்கு மந்தமான, மெதுவான என்று பொருள். ‘லாட்டர்’ அதன் பழைய ஒப்பு வடிவத்திலிருந்து வந்தது, ‘லாஸ்ட்’ அதன் பழைய உச்ச வடிவம். அந்த இரண்டும் தனிக்குடித்தனம் போன பிறகு ‘லேட்டர்’, ‘லேட்டஸ்ட்’ புதிதாகப் பிறந்தன. பிரிந்துபோனவர்களுக்குள் பங்கு பிரிப்பு இப்படி:

லேட்டர், ஒற்றை ‘டி’ எழுத்து: காலத்தால் பின்னால்.
லாட்டர், இரட்டை ‘டி’: சொன்ன இரண்டில் இரண்டாவது.

ஒப்பந்தத் தாள்களில் ‘விச்செவர் இஸ் லாட்டர்’ என்று வாரம் ஒன்றாவது வருகிறது. வேண்டியது ‘விச்செவர் இஸ் லேட்டர்’. எது பின்போ அது. பில் தேதியிலிருந்தோ சரக்கு வந்த தேதியிலிருந்தோ முப்பது நாள், எது பின்போ என்று வைத்துக்கொள்வோம். பில் மார்ச் 3, சரக்கு மார்ச் 18. ‘லேட்டர்’ என்றால் 18-இலிருந்து எண்ணி ஏப்ரல் 17 வரை பணம் கட்டலாம். ‘எர்லியர்’ என்று இருந்தால் ஏப்ரல் 2-ஆம் தேதியே கெடு. ஒரு சொல்லில் பதினைந்து நாள் வட்டி இருக்கிறது. ‘லாட்டர்’ என்று அடித்தால் வரிசையில் இரண்டாவதாகச் சொன்னது எதுவோ அது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்கிறோம். இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் நான் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்பதில்லை, மாற்றிவிட்டுச் சொல்கிறேன்.

லேட்டஸ்ட் என்பது இதுவரை வந்ததில் புதியது. லாஸ்ட் என்பது கடைசி. உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிற எழுத்தாளரை மேடையில் வைத்துக்கொண்டு ‘ஹிஸ் லாஸ்ட் புக்’ என்றால், இனிமேல் எழுதமாட்டார் என்றும் கேட்கும். ‘லேட்டஸ்ட் புக்’ என்றால் அடுத்ததற்குக் கதவு திறந்திருக்கிறது.

‘ஸப்மிட் லேட்டஸ்ட் பை ஃப்ரைடே’ நம் அலுவலகங்களின் சொந்தத் தயாரிப்பு. வெளியே போவதென்றால் ‘பை ஃப்ரைடே அட் த லேட்டஸ்ட்’. ‘நோ லேட்டர் தேன் ஃப்ரைடே’ என்றும் போடலாம். வெள்ளிக்கிழமை உள்ளடங்கும். இதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வந்து நிற்பதே வெள்ளி சாயங்காலம்தான்.

சில்லறைக் கோளாறுகள்

வகுப்புக்கு, வேலைக்குத் தாமதம் என்றால் ‘லேட் ஃபார்’. அமெரிக்கர்கள் ‘லேட் டு த மீட்டிங்’ என்றும் சொல்வார்கள். வாடகை, தவணை தாமதம் என்றால் ‘லேட் வித் த ரென்ட்’. பதில் எழுதுவதில் தாமதம் என்றால் ‘லேட் இன் ரிப்ளையிங்’.

‘லேட் நைட் பஸ்’ என்பதில் லேட்டும் நைட்டும் சேர்ந்து பஸ்ஸுக்கு அடையாவதால் நடுவில் சிறுகோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் தாமதமாக வரும் நைட் பஸ் என்று படிக்க இடமுண்டு. நம் ஊரில் இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

‘ஹேப்பி பிலேட்டட் பர்த்டே’ என்பதில் தர்க்கப்படி பிறந்தநாள் தாமதமாகிறது. உண்மையில் தாமதமானது வாழ்த்து. ‘பிலேட்டட் ஹேப்பி பர்த்டே’ கொஞ்சம் ஒழுங்கு. ஆனால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் முதல் வடிவத்தையே வாழ்த்து அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், விட்டுவிடுங்கள். கெடு தாண்டித் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்குக்கு நம் துறை வைத்திருக்கும் பெயரும் ‘பிலேட்டட் ரிட்டர்ன்’தான். அதற்குக் கட்டும் அபராதம் மட்டும் ‘லேட் ஃபீ’.

கிரிக்கெட் வர்ணனையில் ‘ஹி ப்ளேஸ் இட் ஸோ லேட்’ என்று கேட்டால் குறை சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். பந்து கிட்டத்தட்ட தன்னைக் கடந்துபோகும் வரை பொறுத்து, கடைசி நொடியில் மட்டையைத் தொட்டுத் தேர்ட்மேன் பக்கம் அனுப்புவது லேட் கட். அதற்குக் கையில் நேரம் நிறைய இருக்க வேண்டும். இங்கே லேட் என்பது பாராட்டு, திருத்த ஒன்றுமில்லை.